பொடி பிடிக்கலையாம்

படம் வந்துவிட்டது, சத்தம்தான் வரவில்லை. லாட்ஜ் டி.வி.க்குள் ஏழெட்டுப் பெண்கள் அரைவட்டமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை, நடுவில் மேஜைமேல் என் ரசப்பொடிப் பாக்கெட் இருக்கிறது, பாக்கெட்டில் மார்பளவுக்கு நான் இருக்கிறேன், ஆக என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள், வேறு எதைப் பார்த்துச் சிரிக்க, அந்த மேஜையில் என்னை விட்டால் ஒரு பிஸ்கட் தட்டுதான் இருக்கிறது, பிஸ்கட்டைப் பார்த்து யாராவது வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்களா. பக்கத்து அறைதான், அங்கே கேமரா வைத்து இந்த டி.வி.யில் காட்டுகிறார்கள். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். காதை வைத்தால் கேட்டுவிடும், ஆனால் மதுரையிலிருந்து வந்திருக்கிற தாரிணி என்ற பெண், இந்த மார்க்கெட் ஆராய்ச்சிக் கம்பெனிக்காரி, காலையிலேயே சட்டம் போட்டுவிட்டாள். “சார், கம்பெனி ஆளுங்க யாரோ பார்ப்பாங்கன்னு அவங்ககிட்ட சொல்லிட்டோம். முதலாளியே வந்திருக்கார்னு சொல்லல. தெரிஞ்சா எல்லாரும் நல்லதா மட்டும்தான் பேசுவாங்க.” நல்லதாகப் பேசினால் என்னம்மா கெட்டுப்போகும் என்று கேட்க வாயெடுத்தேன், என் மகள் கோமதி கையைப் பிடித்து அமுக்கினாள். இருமக்கூடாது. போனில் பேசக்கூடாது. இந்த அறைக் கக்கூஸில் தண்ணீரை இழுத்துவிட்டால் அந்த அறை மைக்கில் குற்றாலம் மாதிரிக் கேட்குமாம், அதனால் அதுவும் கூடாது. சர்க்கரைக்காரனிடம் சொல்லுகிற பேச்சா இது? அவள் சொன்ன நிமிஷத்திலிருந்து எனக்கு முட்டிக்கொண்டு இருக்கிறது, முட்டவில்லை என்று நினைத்தால் இன்னும் முட்டுகிறது, அதை மறக்க டி.வி.யைப் பார்த்தால் ஒரு கறுப்புப் பெண், கழுத்தில் ஜெபமாலை, என் பாக்கெட்டைக் கையில் எடுத்து என் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்துக்கொண்டு என்னமோ சொல்லுகிறாள், மறுபடியும் எல்லாரும் சிரிக்கிறார்கள். காந்திமதிநாதன் ரசப்பொடி, திருநெல்வேலி டவுன், தரமே தாரக மந்திரம். அது என் பெயர், என் ஊர், என் மந்திரம். சிரிக்க அதில் என்ன இருக்கிறது?

“சத்தத்தை வை, ஏளா.” “வயரைத்தான் பாக்கேன், பொறுங்கப்பா.” கோமதி டி.வி.க்குப் பின்னால் குனிந்து ஒவ்வொரு வயராகப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுகிறாள். இவ்வளவு தூரம் தூத்துக்குடிக்கு வந்து இந்த லாட்ஜில் உட்கார்ந்திருப்பதே அவள் பிடிவாதத்தால்தான், இல்லை, ஒரு வார்த்தையால், அதைச் சொல்ல வேண்டும். பிடிக்கலை. அந்த வார்த்தைதான். தூத்துக்குடி, திருச்செந்தூர், குளச்சல், இந்தப் பக்கமெல்லாம் என் பொடி போகிற போக்கைப் பார்த்து நானே அசந்திருக்கிறேன், திருநெல்வேலியில் விற்பதைவிடக் கடற்கரையில் அதிகம், கடல்காற்றுக்கு ரசம் தேவைப்படுகிறது, உப்புக்காற்று உடம்பில் இறங்குகிறவனுக்கு மிளகும் சீரகமும்தான் மருந்து என்று நானாக ஒரு காரணம் கண்டுபிடித்து அதை லயன்ஸ் சங்கக் கூட்டத்தில் பேசிக் கைத்தட்டலும் வாங்கியிருக்கிறேன். அப்படிப் போய்க்கொண்டிருந்த சரக்கு ஆடிக்குப் பிறகு படுத்துவிட்டது. ஏஜெண்டைக் கேட்டால், “அண்ணாச்சி, பொடி பிடிக்கலைங்காங்க.” கடைக்காரரைக் கேட்டால், “பொம்பளையாளுக வந்து பிடிக்கலைன்னு சொல்லுதாங்க.” குளச்சலிலும் பிடிக்கலை. உவரியிலும் பிடிக்கலை. எல்லா ஊரிலும் ஒரே வார்த்தையைப் பேசி வைத்துக்கொண்டு சொன்ன மாதிரி. ராத்திரி படுத்தால் ஃபேன் சுற்றுகிற சத்தம்கூட பிடிக்கலை பிடிக்கலை என்றுதான் கேட்டது. யாருக்குப் பிடிக்கலை, ஏன் பிடிக்கலை, நேற்றுவரை பிடித்தது இன்றைக்கு ஏன் பிடிக்காமல் போகும், பிடிக்காமல் போக நான் என்ன செய்தேன். கோமதிக்கு உடனே பதில் தெரிந்துவிட்டது. “உங்க படம்தான்பா. இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு இந்த மாதிரி மூஞ்சியப் போட்டா பிடிக்காது. ஒரு கிண்ணம், ஒரு கரண்டி, ஆவி பறக்குத மாதிரி போடுவோம்.” மூஞ்சி என்றாள். பெற்ற மகள். அதெல்லாம் முடியாது என்றேன். “நீங்களும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம், சமைக்கவங்களையே கேட்டிருவோம்” என்று இந்த மதுரைக் கம்பெனியைப் பிடித்துவிட்டாள். கேட்டுவிட்டு அவர்கள் என்ன சொல்லுகிறார்களோ அதன்படி நடப்பது என்று நான் தலையாட்டியும் விட்டேன், என்ன நம்பிக்கையில் ஆட்டினேன் என்று இப்போது தெரியவில்லை.

ஆவி பறக்கிற கிண்ணம். என்னை எடுத்துவிட்டு ஆவி. யோசித்துப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது, எங்கள் வீட்டில் படங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, எந்தப் படமும் வீணாகாது, ஓரிடத்தில் இருந்து கழற்றினால் இன்னோரிடத்தில் மாட்டிவிடுவார்கள், முன்கூடத்துப் பட்டாசலையில் செத்துப்போன அப்பா, பெரியப்பா, சித்தப்பா மாலையோடு வரிசையாக இருக்கிறார்கள், சித்தப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி காலியாகவே இருக்கிறது, காலண்டர் மாட்ட என்று அடித்தது, ஆனால் யாரும் காலண்டர் மாட்டவில்லை. பாக்கெட்டில் இருந்து இறங்கினால் நேரே அந்த ஆணிக்குத்தான்.

சட்டென்று சத்தம் வந்தது, “...கோவமா இருக்காரு!” என்று அறை முழுக்க ஒரு குரல், கோமதி பதறிப் போய்க் குறைத்தாள். ஒரு சின்னப் பெண், மேஜையில் வைத்திருக்கிற அட்டையில் பொன்கனி என்று எழுதியிருக்கிறது, அவள்தான் சொன்னது. “இந்தத் தாத்தா எதுக்கு இம்புட்டுக் கோவமா இருக்காருன்னுதான்க்கா எனக்கு. பொடி வாங்குதோம்லா, கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன?” தாத்தாவா? அந்தப் படம் எடுத்தபோது எனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கோபமும் இல்லை, அது பல்வலி. ஸ்டூடியோவுக்குப் போன அன்றைக்கென்று கடவாய்ப் பல் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது, போட்டோக்காரர் சிரிங்க அண்ணாச்சி, சிரிங்க அண்ணாச்சி என்று கருப்புத் துணிக்குள்ளிருந்து கெஞ்சுகிறார், நான் வாயைத் திறந்தால் காற்றுப் பட்டு உயிர் போகும், அதனால் தாடையை இறுக்கி, கண்ணைக் குத்தி நிறுத்தி, நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். பல் போய்விட்டது, வலி மட்டும் பாக்கெட் பாக்கெட்டாகத் தென்மாவட்டம் முழுக்கப் போய்க்கொண்டிருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்ல. அந்தப் பொன்கனியிடம் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து கத்திச் சொல்லவா, ஏம்மா அது பல்லும்மா என்று. “கோவம் இல்ல, அது கண்டிப்பு” என்றாள் கண்ணாடி போட்ட இன்னொருத்தி, ஏதோ பள்ளிக்கூட டீச்சர் போலிருக்கிறது, மற்றவர்கள் டீச்சர் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். “இப்படி ஒரு ஆளு கலப்படம் பண்ண மாட்டாரு. பண்ணவன் முகத்துல ஒரு சிரிப்பு இருக்கும்.” அப்படிச் சொல்லு தாயே. நான் கோமதியைப் பார்த்தேன். கோமதி என்னைப் பார்க்கவில்லை.

தாரிணி கெட்டிக்காரி, ஒத்துக்கொள்ள வேண்டும், எந்தக் கேள்வியையும் நேராகக் கேட்கமாட்டேன் என்கிறாள், சுற்றி வந்துதான் கேட்கிறாள். “சரி, ஒரு விளையாட்டு மாதிரி வச்சுக்குவோம். இந்தப் பொடி ஒரு ஆளா மாறி உங்க வீட்டுக்கு வந்தா, யாரா இருக்கும்? எப்படி நடந்துக்கும்?” இதென்ன கேள்வி, பொடி எப்படி ஆளாகும், இதற்கா நாம் பணம் கொடுத்தோம் என்று நான் கோமதி காதில் சொல்வதற்குள் அங்கே பதில் தயார், இந்தப் பெண்களெல்லாம் பிறந்ததிலிருந்து இந்தக் கேள்விக்குக் காத்திருந்த மாதிரி. “ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். உள்ள வந்தா பிள்ளைங்க டி.வி.ய அமத்திட்டுப் புத்தகத்தைக் கையில எடுத்துரும்” என்றாள் டீச்சர். இருக்கட்டும், மரியாதைதானே. பொன்கனி கையை ஆட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். “இல்லக்கா, எங்க மாமனாருக்கு ஒரு அண்ணன் உண்டு. வருவாரு, நாற்காலியில இருப்பாரு, சாப்பிடுங்கன்னா சாப்பிட்டுட்டுத்தாம்மா வந்தேம்பாரு. ஒண்ணும் பேச மாட்டாரு. போகும்போ பிள்ளை கையில மிட்டாய் குடுத்துட்டுப் போவாரு. நல்லவருதான். ஆனா எப்பம் போவாருன்னு இருக்கும்.” எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள், அதில் ஒரு சிரிப்பு இந்த அறையில் கேட்டது, திரும்பினால் கோமதி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்குகிறாள். எப்பம் போவாருன்னு இருக்கும். நான் என் தம்பி வீட்டுக்குப் போனால் நாற்காலியில்தான் உட்காருவேன். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றுதான் சொல்லுவேன், சொல்லாவிட்டால் பாவம் தம்பி பெண்டாட்டி மறுபடியும் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும் என்று. ஒவ்வொரு தடவையும் அவள் வாசல்வரை வந்து வழியனுப்பியது, எப்பம் போவாருன்னு இருந்ததாலா? நான் தெருமுனை திரும்பும் முன்னே கதவைத் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்குமே, அது எதற்கு? ஒரு பொடியைப் பற்றிக் கேட்க வந்த இடத்தில் எனக்கு என் தம்பி வீட்டுத் தாழ்ப்பாள் கேட்கிறது. ஏ.சி. வேறு நேரே முழங்காலில் அடிக்கிறது. முட்டுகிறது. குற்றாலம் என்று சொன்னாளே, அந்த வார்த்தையையாவது சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“இப்ப ஒரு விஷயம்” என்றாள் தாரிணி. நான் நிமிர்ந்தேன், கோமதியும் நிமிர்ந்தாள், ஏனென்றால் அந்தக் குரல் வேறாக இருந்தது. “இந்தப் பொடி இப்பக் கொஞ்ச நாளா பிடிக்கலைன்னு கடையில சொன்னீங்களாமே?” அந்த ஜெபமாலைப் பெண், பிலோமினா என்று அட்டை, தலையை ஆட்டினாள். “ஆமா. சுத்தமாப் பிடிக்கலை.” சுத்தமாகவா? “என்ன காரணம்க்கா? வாசனை மாறிருச்சா?” “வாசனை அப்படியேதான் இருக்கு.” “காரம்?” “அதுவும் சரியாத்தான் இருக்கு.” “பாக்கெட்டு, படம், இது எதுவும்...?” கோமதி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். “அதுக்கு என்ன, அது பாட்டுக்கு இருக்கு.” “அப்ப உங்களுக்கு ஏன் பிடிக்க மாட்டேங்குது?” பிலோமினா, இந்தப் பிள்ளைக்கு இது எப்படிப் புரியாமல் போச்சு என்கிற மாதிரிப் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். “எனக்கு எதுக்குப் பிடிக்காமப் போவுது? எனக்குப் பிடிக்கும். மீன்ல பிடிக்க மாட்டேங்குன்னுல்லா சொல்லுதேன்.”

மீன். அந்தப் பெண் மீன் என்றாள். வேறு ஏதோ சொல்லி எனக்கு அப்படிக் கேட்டிருக்கும், டி.வி. வயர் சரியில்லை, மேன் என்றாளா, மீண்டும் என்றாளா, ஆனால் அதற்குள் அரைவட்டம் முழுவதும் பேச ஆரம்பித்துவிட்டது, ஆமா ஆமா, முன்னாடியெல்லாம் சாளைக்குத் தடவி வச்சா அப்படியே கெட்டியாப் பிடிச்சுக்கிடும், இப்ப எண்ணெயில போட்ட உடனே பொடி தனியா மீன் தனியாப் போயிருது, விளமீனுக்கும் அப்படித்தான், நெத்திலிக்குச் சொல்லவே வேண்டாம், சட்டி அடியில கரியாக் கெடக்கு. சாளை, விளமீன், நெத்திலி, யார் இவர்களெல்லாம், என் பொடியோடு இத்தனை நாளாய்ப் புழங்கிக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு ஒரு அறிமுகமும் இல்லை. தாரிணி இரண்டு கையையும் தூக்கி நிறுத்தினாள். “இருங்க, இருங்க. இங்க யாரெல்லாம் இதை மீனுக்குப் போடுறீங்க?” எல்லாக் கையும் தூக்கியிருந்தது. டீச்சர் இரண்டு கையும். “ரசத்துக்கு?” ஒரு கையும் இல்லை. “ரசத்துக்கா? ரசத்துக்கு மிளகு சீரகத்தைத் தட்டிப் போட்டுருவோம்லா. கடைப்பொடியில யாரு ரசம் வைப்பா?” இதைச் சொன்னது டீச்சர், ஆனால் எனக்கு என் வீட்டுக்காரி உலகம்மாளின் குரலில் கேட்டது, என் வீட்டு அடுக்களையிலும் இதே பேச்சுதான், அவளும் இன்றுவரை கல்லில் தட்டித்தான் ரசம் வைக்கிறாள், அதை நான் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. அப்படியானால் இந்தப் பூமியில் என் ரசப்பொடியில் ரசம் வைக்கிற ஒரு ஜீவன்கூடக் கிடையாதா? லயன்ஸ் சங்கத்தில் கைத்தட்டினார்களே, அத்தனை பேரும் என்ன நினைத்துத் தட்டினார்கள்? கடற்கரைக்கு ரசம்தான் மருந்து என்று நான் ஒலிபெருக்கியில் முழங்கும்போது முன்வரிசையில் இருந்த தூத்துக்குடிக்காரர் ஒருவர் கண்ணில் நீர் வரும் அளவுக்கு ரசித்தாரே, அது ரசித்ததுதானா?

நான் முட்டைகூடத் தொட்டதில்லை. முட்டை போட்ட கேக் என்று தெரிந்து பேரன் பிறந்தநாளில் தட்டைத் திருப்பிக் கொடுத்தவன். வெள்ளிக்கிழமை மில்லில் சாம்பிராணி போட்டுத்தான் அரைவை தொடங்கும், வேலைக்கு வருகிறவர்கள் சாப்பாட்டில் கவிச்சி இருந்தால் வேப்பமரத்தடிக்குப் போய்ச் சாப்பிட வேண்டும், அவ்வளவு சுத்தமாக அரைத்து, சலித்து, கட்டி, ஒட்டி, என் நெற்றித் திருநீற்றோடு சேர்த்து அனுப்பினால் அது நேரே போய் நெத்திலியைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறது. பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது பிடிக்கவில்லை, ஏன் பிடிக்கவில்லை என்று ஒரு மூளை தனியாக யோசிக்கிறது, வெட்கம் கெட்ட மூளை, இந்த நேரத்திலும் யோசிக்கிறது, அதற்குப் பதிலும் தெரிந்துவிட்டது, பருப்பு. துவரம்பருப்பு. சித்திரையில் கோமதியின் மாமனார், என் சம்பந்தி, பந்தியில் என் பக்கத்தில் இருந்து ரசத்தை உறிஞ்சிவிட்டு, “உங்க பொடியில வச்சதாம், பாதி சாம்பார் மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டார், நாலு பேருக்கு முன்னால். மறுநாளே பருப்பைப் பாதியாகக் குறைத்தேன். ரசம் தெளியட்டும் என்று. ரசம் தெளிந்துவிட்டது, அந்தப் பந்திச் சமையல்காரனை விட்டால் யாரும் வைக்காத ரசம். அந்தப் பருப்புத்தான் மீனைப் பிடித்து வைத்திருந்ததா? வறுத்து அரைத்த பருப்பு எண்ணெயில் பட்டால் மேலே பொருக்குக் கட்டும், ஆமாம், கட்டத்தான் செய்யும், மொறுமொறுவென்று, சிவ சிவா, நான் என்ன யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

“அப்பா, தண்ணி குடிக்கியளா?” என்றாள் கோமதி, கிசுகிசுப்பாக. தண்ணீரா? என் நிலைமைக்குத் தண்ணீரா? அவள் முகத்தைப் பார்த்தேன். அதிர்ச்சி அடைந்த முகமாகத்தான் இருந்தது, ஆனால் கொஞ்சம் தாமதமாக அதிர்ச்சி அடைந்த முகம், நான் திரும்பியதைப் பார்த்த பிறகு போட்டுக்கொண்ட அதிர்ச்சி. இவளுக்கு முன்பே தெரியுமோ? சென்னையில் ஹாஸ்டலில் இருந்து படித்தாளே, அங்கே... வேண்டாம். அந்தப் பக்கம் போகாதே காந்திமதிநாதா, அந்தக் கதவைத் திறக்காதே.

டி.வி.யில் பிலோமினா என் பாக்கெட்டை மறுபடியும் கையில் எடுத்திருந்தாள். “ஆனா ஒண்ணு சொல்லணும். இந்த அண்ணாச்சி மூஞ்சியப் பாத்துக்கிட்டு மீன் பொரிக்க எனக்கு மனசு வராது. திருநீறு பூசி, எம்புட்டு நிறைவா இருக்காரு. மீன் சாப்பிடாத ஆளுன்னு பாத்தாலே தெரியுதுல்லா. அவரு முன்னால போயி மீனப் போட்டு வாட்டினா பாவம், அவருக்கு எப்படி இருக்கும்? அதனால பொடிய எடுத்துக்கிட்டு, பாக்கெட்ட செவுத்தப் பாக்கத் திருப்பி வச்சிருவேன். அப்புறம்தான் சட்டியவே அடுப்புல ஏத்துவேன்.” நான் டி.வி.க்குப் பக்கத்தில் போய்விட்டேன், எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. “அய்ய, நானும் அப்படித்தான்க்கா!” என்றாள் பொன்கனி. “எங்க அடுப்பு மேடையில திருப்பி வைக்க எடமில்ல, அதனால சட்டி பிடிக்க துணிய அவரு மேல போத்திருவேன்.” “நான் பொடிய டப்பாவுல கொட்டிட்டு பாக்கெட்டத் தூரப் போட்டிருவேன்” என்றாள் டீச்சர். பிலோமினாவுக்கு வந்ததே கோபம். “ஏன் டீச்சர், மனுசன் மூஞ்சியவா குப்பையில போடுதீங்க? படிச்சவங்க செய்யுத வேலையா இது?” “வேற என்ன செய்யச் சொல்லுதீங்க, அவர ஃபிரேம் போட்டு மாட்டவா?” அதற்குள் ஒரு அம்மாள் கத்தரிக்கோலால் முகத்தை மட்டும் வெட்டி அலமாரியில் வைத்திருப்பதாகச் சொன்னாள், எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லையாம். தாரிணி நடுவே புகுந்தாள். “அப்ப படத்தை எடுத்துட்டா உங்களுக்கு லேசா இருக்குமா?” கோமதி மூச்சை நிறுத்தினாள், நானும்தான். “எதுக்கு எடுக்கணும்?” என்றாள் பிலோமினா. “அவரு இருந்தாத்தான் அந்தப் பொடி. அவரு பாட்டுக்கு இருக்கட்டும். நாங்க திருப்பி வச்சுக்கிடுதோம், அதுல எங்களுக்கு என்ன கஷ்டம்?”

எத்தனை அடுக்களைகளில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எண்ணெய்ப் பிசுக்குச் சுவர், டைல்ஸ் போட்ட சுவர், கரிப்பிடித்த சுவர், முதுகுக்குப் பின்னால் சட்டி சடசடக்கிறது, பிள்ளைகள் தட்டோடு வந்து நிற்கின்றன, நான் தாடையை இறுக்கிக்கொண்டு சுவரையே பார்க்கிறேன், துணிக்கடியில் சில வீடுகளில். யாரென்றே தெரியாத பெண்கள் எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்று ஒவ்வொரு நாளும் என்னைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். என் தம்பி வீட்டில்கூட எனக்காக யாரும் இவ்வளவு யோசித்ததில்லை. நான் அவர்களைப் பற்றி என்ன யோசித்தேன்? உப்புக்காற்று, ரசம் என்று நானாக ஒன்றைச் சொல்லிக்கொண்டு கிடந்தேன், ஒருநாள்கூட ஒரு வீட்டுப் படியேறி, ஏம்மா என் பொடியை என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கண் கரித்தது. கோபமா வெட்கமா என்று தெரியவில்லை, பிடித்திருந்தது என்றும் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அந்த வார்த்தையை இனிமேல் எதை நம்பிச் சொல்வது.

தாரிணி நன்றி சொல்லிக் கும்பிட்டதும் நான் கக்கூஸுக்குள் ஓடினேன், யார் கேட்டால் என்ன, அருவியை இழுத்துவிட்டேன். வெளியே வந்து அறைக்கதவைத் திறந்தால் லிஃப்டுக்கு முன்னால் பிலோமினா நிற்கிறாள், கையில் கம்பெனி கொடுத்த டிபன் பாக்ஸ். மற்றவர்கள் படியில் இறங்கிப் போய்விட்டார்கள் போலிருக்கிறது. என்னைப் பார்த்தாள். பார்வையை எடுத்தாள். மறுபடியும் பார்த்தாள், இந்தத் தடவை நெற்றியை, பிறகு தாடையை, அவள் கை தானாகச் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டது. “அண்ணாச்சி... நீங்களா?” “நான்தாம்மா.” “உள்ளதானா இருந்தீங்க?” “ஆமா.” “எல்லாம் கேட்டீங்களா?” “கேட்டேன்.” அவள் முகம் சுருங்கிவிட்டது, டிபன் பாக்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “தப்பா எடுத்துக்கிடாதீங்க அண்ணாச்சி. எங்களுக்கு அதுதான் சாப்பாடு. நீங்க கேட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு தெரிஞ்சா சொல்லியிருக்கவே மாட்டேன்.” சொல்ல வந்தது ஒன்று, வாயில் வந்தது ஒன்று. “பருப்பு கொறஞ்சு போச்சும்மா. அதான் பிடிக்கலை. அடுத்த அரைவையில பழையபடி போட்டுருதேன்.” “போட்டிருவீங்களா?” அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. பின்னாலேயே கோமதி வந்து நின்றாள், பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு. “அப்ப படம், அப்பா?” “படம் இருக்கட்டும். பின்பக்கத்துல என்ன போட்டிருக்கு?” “ரசம் வைக்கும் முறை.” “அத எடுத்துரு. இவங்க திருப்பி வச்சா பின்பக்கந்தான இவங்களப் பாத்து நிக்கும். இவங்க எப்படிச் செய்யுதாங்களோ, அதையே போட்டுருவோம். நான் ஒண்ணும் பார்க்கப் போறதில்ல, செவுத்தப் பாத்துத்தான இருப்பேன்.” இத்தனை வருஷத்தில் கோமதியை நான் பேச்சில்லாமல் நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

“நீங்க எப்படிச் செய்வீங்க, சொல்லுங்கம்மா” என்றேன். “உங்ககிட்டயா அண்ணாச்சி?” என்று கூசினாள். “அட, சொல்லுங்க. செய்யுதவங்க சொன்னாத்தான தெரியும்.” லிஃப்ட் வந்து, திறந்து, மூடி, போய்விட்டது. அவள் டிபன் பாக்ஸை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள், முதலில் தரையைப் பார்த்துக்கொண்டு, பிறகு என்னைப் பார்த்து, பிறகு இங்கே இல்லாத ஒரு சட்டியைப் பார்த்து. சாளையைக் கழுவிக் குறுக்கே கீறிவிட வேண்டும், மஞ்சள், உப்பு, இந்தப் பொடியை ஒரு கை, கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துப் பிசிறி வைத்துவிட வேண்டும், சட்டி காயட்டும், நல்லெண்ணெய் வேண்டாம், தேங்காயெண்ணெய், கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டால் அது படபடவென்று வெடிக்கும், அதுமேல் மீனை ஒவ்வொன்றாகக் கிடத்தினால் அந்தப் பொடி அப்படியே சிவந்து, ஓரமெல்லாம் மொறுமொறுவென்று, ஒரு வாசனை வரும் பாருங்கள், தெருவில் போகிறவன் நின்றுவிட்டுப் போவான். “எலுமிச்சம்பழம் பிழிய வேண்டாமாக்கா? அதுதான டேஸ்டு” என்றாள் கோமதி. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டு லிஃப்ட் பொத்தானை அமுக்கினாள், எரிந்துகொண்டிருந்த பொத்தானை மறுபடியும் மறுபடியும் அமுக்கினாள். நான் அவள் பக்கம் திரும்பினேன். ஏளா, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டும், எங்கே, எப்போது, யார் வீட்டில் என்று கேட்க வேண்டும், தகப்பன் என்ற முறையில் அந்த இடத்திலேயே கேட்டாக வேண்டும், அவளும் கேட்கப் போகிறேன் என்றுதான் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், ஆனால் என் வாய் நிறைய எச்சில் ஊறியிருந்தது, வாயைத் திறக்க முடியவில்லை.